டோக்கியோவுல தோத்தப்ப டைசன் முடிஞ்சு போன ஆளா? ஒரு முழு ஆய்வு

எங்க மாமாவுக்கு இப்ப எழுபது தாண்டிருச்சி. இலங்கை மலையகத்துல டிக்கோயா பக்கம் ஒரு தேயிலை தோட்டத்து பெக்டரியில, கொழுந்து வாட்டுற மாடியிலயே பாதி ஆயுச கழிச்ச மனுசன், ஈபிஎப் காச எடுத்துட்டு இப்ப வீட்டோட இருக்காரு. சம்பளப் பிரச்சினை, யூனியன், அரசியல் எல்லாத்துலயும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகும். ஒண்ணே ஒண்ணுல மட்டும் முப்பத்தஞ்சு வருஷமா ஒத்துப்போகல. 1990 பெப்ரவரி 11ஆம் திகதி டோக்கியோவுல, ஹெவிவெயிட்டுங்கற ஆகப்பெரிய எடைப் பிரிவுல உலக பொக்சிங் சம்பியனா இருந்த மைக் டைசன், பஸ்டர் டக்ளஸ்கிட்ட தோத்த சண்டைதான் அது. மாமா சொல்றது எப்பவும் ஒரே பேச்சு: "அன்னைக்கு ரிங்குல ஏறினது டைசன் இல்லடா, டைசனோட சட்ட." அதாவது ஆள் ஏற்கனவே முடிஞ்சுட்டான், டக்ளஸ் அடிச்சது வெறும் கூடு ஒண்ணத்தான், இதுக்கு ஒரு பெருமையும் கெடையாதுங்கறது அவரு கட்சி. நான் அத ஒத்துக்கல. ஆனா முழுசா மறுக்கவும் முடியல, அதனாலதான் இத்தன வருஷமா மனசுல கெடந்தத எல்லாம் ஒரே எடத்துல எழுதிறலாம்னு ஒக்காந்தேன்.

நாங்க அந்த சண்டைய எப்படி பாத்தோம்னு சொல்லிடறேன். ஜேவிபி கலவர காலம் அப்பதான் ஓஞ்சிருந்த நேரம், சிவனொளிபாத மலை சீசன், ஹட்டன் டவுன் முழுக்க யாத்திரை போற சனம். எங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அப்ப கரண்ட் வரல. டைசன் தோத்துட்டான்னு மொதல்ல ரேடியோவுலதான் கேள்விப்பட்டோம், மாமா அத நம்பவே இல்ல, அறிவிப்பாளர் பேர மாத்தி சொல்லிட்டாருன்னு சொல்லிட்டு பிளேன்டீ குடிக்க போயிட்டாரு. கொஞ்ச மாசம் கழிச்சு டவுன் வீடியோ கடையில கெசட் வந்துச்சி. டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, கார் பெட்டரியில மாட்டி, மாமா வீட்டு காம்பராவுல இருபது முப்பது பேர் நெருக்கிக்கிட்டு பாத்தோம். முடிவு தெரிஞ்சே பாத்தோம், அப்படியும் பத்தாவது ரவுண்ட்ல டைசன் விழுந்தப்ப ஒருத்தரும் வாய தொறக்கல. அந்த அமைதி எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கு. நம்ம சனத்துக்கு டைசன புடிச்சதுக்கு காரணம் உண்டு, இல்லாத வீட்டுல பொறந்து, சின்ன வயசுல கெட்டுப்போயி, பொலிஸ்ல மாட்டி, கஸ் டமாட்டோன்னு ஒரு கெழவன் கையில கெடச்சு மனுசனா ஆனவன், இருபது வயசுல உலக சம்பியன். அந்த மாதிரி ஒருத்தன் விழறத பாக்க யாருக்கு மனசு வரும்.

ஆனா "முடிஞ்சுட்டான்"னு சொல்றப்ப எது முடிஞ்சிச்சின்னு கேக்கணும். அங்கதான் எல்லாரும் கொழப்பிக்கிறாங்க. ஒடம்பு முடியறது ஒண்ணு, கத்துக்கிட்ட வித்த கையவிட்டு போறது வேற ஒண்ணு, சுத்தி இருக்கிற ஆளுக சரியில்லாம போறது இன்னொண்ணு. மூணும் சேந்தும் வரலாம், தனியாவும் வரலாம்.

ஒடம்ப எடுத்துக்குவோம். டைசன் பொறந்தது 1966 ஜூன் 30, டோக்கியோவுல அவருக்கு 23 வயசுதான், எதிர்ல நின்ன டக்ளஸுக்கு 29. ஹெவிவெயிட்டுல 23ங்கறது பல பேருக்கு டைட்டில் பக்கமே போகாத வயசு. சரி, வயசு கெடக்கட்டும், ஆள் கொழுப்பு வச்சு வந்தான்னு சொல்றாங்களே, அதையும் பாப்போம். 1986 நவம்பர் 22ல ட்ரெவர் பெர்பிக்க ரெண்டாவது ரவுண்ட்ல சாச்சு சம்பியன் ஆன அன்னைக்கு டைசனோட எடை 221¼ இறாத்தல். 1988 ஜூன்ல மைக்கல் ஸ்பிங்ஸ 91 செக்கன்ல முடிச்சாரே, எல்லாருமே அதுதான் டைசனோட உச்சம்னு சொல்ற சண்டை, அன்னைக்கு 218¼. டோக்கியோவுல 220½. தராசு முள்ளுல பெருசா ஒரு வித்தியாசமும் இல்ல. எடை மட்டும் எல்லாத்தயும் சொல்லிறாதுன்னு எனக்கும் தெரியும், ஒழுங்கா ட்ரெய்னிங் எடுக்கலன்னு டைசனே பின்னாடி ஒத்துக்கிட்டாரு, அவசர அவசரமா எறக்குன எடைக்கும் ஓடி ஓடி எறக்குன எடைக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனா ஒடம்பு கெட்டுப்போச்சின்னு சொல்ல அது காணாது.

பவர் போயிருச்சான்னு கேட்டா, எட்டாவது ரவுண்ட பாருங்க. ஏழு ரவுண்டா அடி வாங்கி, இடது கண்ணு மூடிக்கிட்டு வர்ற நேரத்துல ஒரே ஒரு வலது அப்பர்கட், அதாவது கீழ இருந்து மேல தூக்கி விடுற குத்து, தன்ன விட அஞ்சு அங்குலத்துக்கு மேல ஒசரமான, 231½ இறாத்தல் மனுசன் மல்லாக்க விழுந்தான். அதுக்கப்புறம் 1991ல ரேஸர் ரடொக்கோட ரெண்டு சண்டை, ரடொக்கோட அடி அந்த காலத்துல எல்லாரும் பயந்த அடி, மொத சண்டைய ஏழாவது ரவுண்ட்ல டைசன் ஜெயிச்சாருன்னு நிறுத்தினாங்க, ரெண்டாவதுல முழு பன்னெண்டு ரவுண்டும் நின்னு ஜெயிச்சாரு டைசன். டோக்கியோவுல ஒடம்பு செத்திருந்தா ஒரு வருஷம் கழிச்சு இது நடந்திருக்காது. அதனால ஒடம்புங்கற கணக்குல மாமா சொல்றது தப்பு, இத நான் எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுவேன்.

இப்ப வித்தைக்கு வருவோம், இங்க மாமா பக்கம் நெறய நியாயம் இருக்கு.

டைசன் தொழிலா பொக்சிங் ஆட ஆரம்பிச்சது 1985 மார்ச். அந்த வருஷம் மட்டும் 15 சண்டை. 1986ல 13. 1987ல 4. 1988ல 3. 1989ல 2. மொத்தம் 37 சண்டை, 37 வெற்றி, அதுல 33 நொக் அவுட். எண்ணிக்கைய மட்டும் பாத்தா மகாராஜா. ஆனா அந்த இறக்கத்த பாருங்க, 15, 13, 4, 3, 2. சம்பியன் ஆனா சண்டை கொறையறது எல்லாருக்கும் நடக்கிறதுதான், அத ஒத்துக்கிறேன், ஆனா ஸ்பிங்ஸ் சண்டைக்கும் டக்ளஸ் சண்டைக்கும் நடுவுல ஏறக்குறைய இருபது மாசம், அதுல ரெண்டே தடவதான் டைசன் ரிங்குல ஏறினாரு. 1989 பெப்ரவரியில ஃபிராங்க் புரூனோவோட அஞ்சு ரவுண்ட், ஜூலையில கார்ல் வில்லியம்ஸ 93 செக்கன்ல முடிச்சாங்க. நான் கூட்டி பாத்தேன், இருபது மாசத்துல மொத்தமா பதினாறரை நிமிஷம்.

அதே ரெண்டு நாள்ல டக்ளஸ் எங்க இருந்தாருன்னு நெனைக்கிறீங்க? அதே எடத்துலதான், டைசனுக்கு முன்னாடி நடக்கிற சண்டையில. புரூனோ சண்டை அன்னைக்கு டக்ளஸ் பெர்பிக்கோட பத்து ரவுண்ட் ஆடி புள்ளியில ஜெயிச்சாரு, ஆமா, டைசன் சம்பியன் பட்டத்த பறிச்ச அதே பெர்பிக். வில்லியம்ஸ் சண்டை அன்னைக்கு ஒலிவர் மெக்கோல்கூட பத்து ரவுண்ட், அதுலயும் ஜெயிச்சாரு. அந்த மெக்கோல் சும்மா ஆள் இல்ல, 1994ல லெனொக்ஸ் லூயிஸ ரெண்டாவது ரவுண்ட்ல சாச்ச மனுசன். ஆக அந்த ரெண்டு நாள்ல மட்டும் டக்ளஸ் இருபது ரவுண்ட் வேர்வ சிந்தியிருக்காரு, டைசன் ஆறு ரவுண்ட தொட்டிருக்காரு. இத மாமாகிட்ட சொன்னப்ப அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

டைசனோட வித்த என்னான்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். ஆள் ஒசரம் 5 அடி 10 அங்குலம், ஹெவிவெயிட்டுல அது குட்டை. குட்டையான ஆள் நெட்டையான ஆள அடிக்கணும்னா உள்ள போகணும், உள்ள போகணும்னா எதிராளியோட இடது கைய தாண்டணும். டமாட்டோ சொல்லிக்குடுத்தது அதுதான், ரெண்டு கையும் கன்னத்தோட ஒட்டி வச்சிக்கிட்டு, இடுப்புக்கு மேல ஒடம்ப ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கிட்டே, தலைய ஒரே எடத்துல ரெண்டு செக்கன் வச்சிருக்காம முன்னாடி போறது, போன ஒடன ஒரு அடியோட நிக்காம விலாவுல ஒண்ணு, அதே கையால தாடையில ஒண்ணுன்னு வரிசையா போடுறது. டமாட்டோ 1985 நவம்பர்ல செத்துட்டாரு. அதுக்கப்புறம் அந்த வித்தைய காப்பாத்தினது கெவின் ரூனிங்கற ட்ரெய்னர், அவரும் டமாட்டோகிட்ட வளந்தவர்தான். அடிக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருந்தாங்க, ட்ரெய்னர் நிக்கிற மூலையான கோர்னர்ல இருந்து ரூனி நம்பர கத்துவாரு, டைசன் கை தானா போகும்.

1988ல எல்லாம் சிதறிச்சி. மார்ச்ல மெனேஜர் ஜிம் ஜேகப்ஸ் எறந்தாரு, கலியாணம் பண்ணி ஒரு வருஷத்துல விவாகரத்து, நடு ராத்திரியில தெருச்சண்டை போட்டு கை ஒடஞ்சது, கார கொண்டு மரத்துல மோதினது, சண்டை ஏற்பாடு பண்ற டொன் கிங் உள்ள வந்தது, கடைசியா வருஷ முடிவுல ரூனிய வெளிய அனுப்புனது. இதுல மத்ததெல்லாம் மனுசனோட வாழ்க்க, நான் அதப்பத்தி தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா ரூனி போனது பொக்சிங் விஷயம். அதோட வெளைவு கண்ணுக்கு தெரியுது. புரூனோ சண்டைய பாருங்க, ஆரம்பத்துலயே புரூனோவ விழுத்திட்டாரு டைசன், அப்படியும் அந்த ரவுண்ட் முடியறதுக்குள்ள புரூனோ பக்கவாட்டுல வளைச்சு விட்ட ஒரு இடது ஹுக்குல ஆடிப்போனாரு. பழைய டைசன் தலை அந்த எடத்துல இருந்திருக்காது. அன்னைக்கு ஜெயிச்சதால யாரும் கவனிக்கல. எங்க மாமாவும் கவனிக்கல, நானும் கவனிக்கல.

டோக்கியோவுல நடந்தது அதோட பெரிய பிரதிதான். ஜனவரியில ஸ்பாரிங்ல, அதாவது பயிற்சி சண்டையில, கிரெக் பேஜ் டைசன கீழ விழுத்தினாரு, அந்த செய்தி வெளிய வந்தும் யாரும் பெருசா எடுக்கல. லாஸ் வேகஸ்ல டக்ளஸ் மேல 42க்கு 1னு பந்தயம் போச்சி, அதாவது ஒரு டொலர் கட்டினா 42 டொலர், பல எடத்துல பந்தயமே எடுக்கல. சண்டை ஆரம்பிச்ச ஒடன பாத்தீங்கன்னா டைசன் நேரா வர்றாரு, தலை ஆட்டம் கொறவு, ஒரே அடியில முடிச்சிறலாம்னு ஒண்ணொண்ணா வீசுறாரு, வரிசை இல்ல. நான் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் கிளவுஸ் போட்டவன், என்ன விட ஒரு சாண் நெட்டையான பையனோட ஒரு தடவ ஆடியிருக்கேன், தலைய ஆட்டாம உள்ள போனா என்னா நடக்கும்னு என் மூக்குக்கு தெரியும். டக்ளஸோட கை நீட்டு 83 அங்குலம், டைசனோடது 71. பன்னெண்டு அங்குலம் வித்தியாசம். தலை ஆடலன்னா அந்த பன்னெண்டு அங்குலத்தயும் ஒவ்வொரு தடவயும் முகத்தாலதான் கடக்கணும்.

கோர்னர பத்தி சொல்லாம விட்டா என் மனசு ஆறாது. கண்ணு வீங்கினா வைக்கிறதுக்குன்னு ஒரு இரும்பு இருக்கு, ஐஸ்ல வச்சு குளிர வச்சு வீக்கத்த அமத்துறது, எந்த ஊர் அமெச்சூர் கோர்னர்லயும் இருக்கும். உலக சம்பியனோட கோர்னர்ல அது இல்ல. ஆரன் ஸ்னோவல், ஜே பிரைட்னு ரெண்டு பேர் நின்னாங்க, ரப்பர் கிளவுஸுக்குள்ள ஐஸ் தண்ணி ஊத்தி கண்ணுல வச்சாங்க. கண்ணு மூடிக்கிட்டே போச்சி. இடது கண்ணு மூடிட்டா அந்தப்பக்கமா வர்ற வலது கை தெரியாது. ஒரு மனுசன ஆபத்துக்குள்ள அனுப்புறவங்களுக்கு ஒரு கடமை இருக்கு, அத அவங்க செய்யல, இன்னைக்கு பாத்தாலும் எனக்கு கோவம் வருது.

இது வரைக்கும் படிச்சா மாமா சொல்றதுதான் சரின்னு தோணும். தோணட்டும். ஆனா இது பாதி கதை. ரிங்குல ரெண்டு பேர் இருந்தாங்க.

டக்ளஸ் யாரு? ஒஹாயோவுல கொலம்பஸ் ஊர், அப்பா பில்லி டக்ளஸும் பொக்சர்தான். தெறம இருந்தும் மனசு தளர்ந்து விட்டுக்குடுக்கிறவன்னு பேர் எடுத்த ஆள், 1987 மே மாசம் டோனி டக்கர்கூட ஐபிஎப்ங்கற உலக பொக்சிங் அமைப்போட டைட்டிலுக்கு நல்லா ஆடிக்கிட்டே வந்து பத்தாவது ரவுண்ட்ல கைய விட்டுட்டாரு. அந்த ஆளுக்கு டோக்கியோ சண்டைக்கு 23 நாளைக்கு முந்தி அம்மா செத்துப்போச்சி. லூலா பேர்ல்னு பேரு. அதுக்கு முன்னாடி, எம் மகன் டைசன அடிப்பான்னு அந்தம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. சாவு வீட்டுல இருந்து வந்தவன் சண்டைய ஒத்திப்போடல. நம்ம பக்கம் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு ஒரு கிழமை ஆகியிருக்கும், அவ்வளவுதான் கணக்கு, அந்த நெலமையில ஒருத்தன் உலகமே பயந்த ஆளுக்கு எதிர்ல போய் நிக்கிறான்.

நின்னு என்னா செஞ்சான்னு பாருங்க, மொத ரவுண்ட்ல இருந்து இடது ஜெப், அதாவது கைய நேரா நீட்டி விடுற குத்து, ஜெப்புக்கு பின்னாடியே வலது கை, டைசன் உள்ள வந்தா கட்டிப்புடிச்சு நிறுத்துறது, விட்ட ஒடன மறுபடி ஜெப், எங்கயும் பயந்து பின்வாங்கல, கால் எப்பவும் நகந்துக்கிட்டே இருக்கு. ஒரு அடிக்கு பதில் மூணு நாலு அடி வரிசையா வருது. டைசன் மறந்த வித்தைய அன்னைக்கு டக்ளஸ் ஆடினாரு. "பழைய டைசனா இருந்தா இந்த ஜெப் பட்டிருக்காது"ன்னு மாமா சொல்லுவாரு. இருக்கலாம். ஆனா பழைய டைசனுக்கும் நெட்டையான, ஜெப் உள்ள, கட்டிப்புடிக்க தெரிஞ்ச ஆளுகன்னா கஷ்டம்தான். 1987ல போன்கிரஷர் ஸ்மித் பன்னெண்டு ரவுண்ட் புடிச்சிக்கிட்டே நின்னாரு. அதே வருஷம் டோனி டக்கரும் பன்னெண்டு ரவுண்ட் நின்னாரு, அப்ப ரூனியும் இருந்தாரு, வயசு 21. அவங்க நின்னாங்க, ஆனா ஜெயிக்கிறதுக்கு துணியல. டக்ளஸ் துணிஞ்சாரு, வித்தியாசம் அதுதான்.

எட்டாவது ரவுண்ட் எண்ணிக்கைய பத்தி பேசாம இந்த வழக்க முடிக்க முடியாது. ரவுண்ட் முடிய ஆறு செக்கன் இருக்கிறப்ப டக்ளஸ் விழுந்தாரு. நடுவரா நின்ன ரெப்ரி ஒக்டாவியோ மெய்ரான், வெளிய நேரம் பாக்கிறவர் எண்ணிக்கிட்டு இருந்த எண்ணிக்கைய வாங்காம, தானா கொஞ்சம் பிந்தி ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சாரு. அதனால டக்ளஸ் பத்து செக்கனுக்கு மேல கீழ கெடந்தாருங்கறது உண்மை. டொன் கிங் அத புடிச்சிக்கிட்டு சண்டை முடிஞ்ச ஒடன கத்தினாரு, டபிள்யூபிஏ, டபிள்யூபிசின்னு பட்டம் குடுக்கிற மத்த ரெண்டு அமைப்பும் முடிவ நிறுத்தி வச்சாங்க, ஐபிஎப் மட்டும் ஒடனயே டக்ளஸ சம்பியனா ஏத்துக்கிச்சி, கொஞ்ச நாள்ல ஊர் உலகம் எல்லாம் திட்டவும் மத்த ரெண்டு பேரும் எறங்கி வந்தாங்க. மாமா கைக்கடிகாரத்த வச்சு எண்ணி பதிமூணு செக்கன்னு சொல்லுவாரு, அத நான் மறுக்கல. ஆனா சட்டம் என்னா? விழுந்தவன் கேக்க வேண்டியது ரெப்ரியோட எண்ணிக்கைய. டக்ளஸ் விழுந்த ஒடனயே கோவத்துல கிளவுஸால தரைய ஒரு குத்து குத்துறாரு, சுயநினைவு இருக்கிறவன்தான் அத செய்வான், அப்புறம் ரெப்ரி மூஞ்சிய பாத்துக்கிட்டே இருந்து ஒம்பதுல எந்திரிக்கிறாரு. ரெப்ரி வேகமா எண்ணியிருந்தா வேகமா எந்திரிச்சிருப்பாருன்னுதான் எனக்கு தோணுது, இது என் ஊகம்தான், ஆனா அந்த தரையில குத்துன குத்த பாத்தவங்களுக்கு அது வெளங்கும்.

அத விட பெருசு ஒம்பதாவது ரவுண்ட். விழுந்து எந்திரிச்சவன முடிக்க டைசன் பாய்ஞ்சு வர்றாரு, எத்தனையோ பேர் அந்த எடத்துல காணாம போயிருக்காங்க. டக்ளஸ் திருப்பி அடிச்சு டைசன கயித்துல சாத்தி வச்சாரு. மொத்த வழக்குலயும் எனக்கு முக்கியமான சாட்சி அந்த மூணு நிமிஷம்தான். 1987ல விட்டுக்குடுத்த டக்ளஸ் அதுல இல்ல. அப்புறம் பத்தாவது, ஒரு வலது அப்பர்கட் டைசனோட தலைய மேல தூக்கிச்சி, பின்னாடியே இடதும் வலதுமா நாலு அடி, டைசன் வாழ்க்கையில மொத தடவயா தரையில. முட்டி போட்டுக்கிட்டு பல்லுக்கு போடுற ரப்பர தேடி எடுத்து, ஓரத்த மட்டும் வாயில வச்சிக்கிட்டு எந்திரிக்க பாக்குறாரு. மெய்ரான் எண்ணி முடிச்சு கட்டிப்புடிச்சிக்கிட்டாரு. அந்த ரப்பர தேடுற கைய பாத்து எங்க காம்பராவுல ஒரு பாட்டி "ஐயோ புள்ள"ன்னு சொன்னிச்சி. அந்த நேரம் வரைக்கும் ஜட்ஜுமார் மூணு பேரோட புள்ளி என்னா தெரியுமா, ஒருத்தர் 88க்கு 82னு டக்ளஸுக்கு, ஒருத்தர் 86க்கு 86 சமன், ஒருத்தர் 87க்கு 86னு டைசனுக்கே குடுத்திருந்தாரு. அந்த கடைசி ஆள் என்னா சண்டைய பாத்தாருன்னு எனக்கு இன்ன வரைக்கும் புரியல.

மாமாவுக்கும் எனக்கும் நடுவுல பொதுவா ஒரு மொழி இருக்குன்னா அது தேயிலைதான், அதுலதான் நான் அவருக்கு சொல்லி பாத்தேன். எங்க மலையில வெள்ளைக்காரன் காலத்துல நட்ட தேயிலை இன்னமும் கொழுந்து குடுக்குது. வயசு பாத்து யாரும் புடுங்கி எறியல. ஆனா நேரத்துக்கு கவ்வாத்து வெட்டாம விட்டா, நல்ல எளமையான செடியும் ஆள் ஒசரத்துக்கு வளந்து, கொழுந்து மொத்தமா கொறஞ்சு, எல முத்தி, பறிக்கிற கைக்கே எட்டாம போயிரும். அத பாத்து செடி கெழடுன்னு சொல்லுவீங்களா, கவ்வாத்து தவறிருச்சின்னு சொல்லுவீங்களான்னு கேட்டேன். மாமா, "தவறுனது தோட்டத்துக்காரன் தப்புதான, அப்ப செடி மேல பழி இல்லல்ல"ன்னு கேட்டாரு. நான் சொன்னேன், செடிக்கு கால் இல்ல மாமா, டைசனுக்கு கால் இருந்துச்சி, ரூனிய வெளிய அனுப்புனது அவருதான். அங்க கொஞ்சம் சூடாயிருச்சி, அத்தை வந்து ரெண்டு பேரையும் சாப்பிட கூப்பிட்டாங்க.

உண்மையிலயே முடிஞ்சு போன சம்பியன் தோக்கறது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா 1980 ஒக்டோபர் 2ஆம் திகதிய பாருங்க. முகம்மது அலிக்கு 38 வயசு, ரெண்டு வருஷம் ஆடல, எடை கொறைக்க தைரொயிட் மாத்திரை சாப்பிட்டு ஒடம்பு வத்திப்போயிருந்தாரு. எதிர்ல லெரி ஹோம்ஸ், ஒரு காலத்துல அலிக்கே ஸ்பாரிங் குடுத்த பையன். பத்து ரவுண்ட் முடிஞ்ச ஒடன ட்ரெய்னர் ஏஞ்சலோ டண்டி போதும்னு நிறுத்தினாரு. அந்த பத்து ரவுண்ட்லயும் அலி அடிச்சது கைவிரல்ல எண்ணலாம்ங்கற மாதிரிதான் இருக்கும், கால் போச்சி, கை போச்சி, கண்ணு மட்டும் பாக்குது. அந்த சண்டைய என்னால முழுசா பாக்க முடியல, ரெண்டு தடவ நிறுத்தினேன். அதே ஹோம்ஸ் 38 வயசுல, ரெண்டு வருஷம் கிட்ட ஆடாம இருந்துட்டு, 1988 ஜனவரியில டைசன்கிட்ட வந்து நாலாவது ரவுண்ட்ல விழுந்தாரு. அன்னைக்கு டைசன் அடிச்சது ஹோம்ஸோட சட்டையன்னு மாமா சொன்னதே இல்ல. கேட்டேன். "அது வேற"ன்னாரு. வேற இல்ல, நம்ம ஆள் ஜெயிச்சா எதிராளி நல்ல ஆள், நம்ம ஆள் தோத்தா நம்ம ஆள் முடிஞ்ச ஆள்னு மனசு சொல்லும், அந்த பாசம் எனக்கும் இருக்கு, ஆனா கணக்குல அத சேக்க முடியாது.

இந்த மாதிரி கணக்க தலைகீழா திருப்புறதுக்கு நல்ல உதாரணம் 1996 நவம்பர். டைசன் மூணு வருஷம் ஜெயில்ல இருந்துட்டு 1995 மார்ச்ல வெளிய வந்து நாலு சண்டை ஜெயிச்சிருந்தாரு, வயசு 30. எதிர்ல இவாண்டர் ஹொலிஃபீல்ட், வயசு 34, 1994ல இருதய கோளாறுன்னு சொல்லி ஓய்வு குடுத்த ஆள். சண்டைக்கு முன்னாடி முடிஞ்சு போன ஆள்னு எல்லாரும் சொன்னது ஹொலிஃபீல்ட, ஆரம்பத்துல 25க்கு 1னு பந்தயம். பதினோராவது ரவுண்ட்ல டைசன் நிக்க முடியாம சண்டைய நிறுத்தினாங்க. அடுத்த நாள்ல இருந்து முடிஞ்சு போன ஆள் டைசன். ஒரே ராத்திரியில பட்டம் கை மாறிச்சி. அந்த சண்டையில டைசனோட ஒடம்பு கொஞ்சம் எறங்கித்தான் இருந்துச்சி, மூணு வருஷ ஜெயில் சும்மா போகாது, அத நான் மாமாவுக்கு விட்டுக்குடுக்கிறேன். 2002 ஜூன்ல மெம்பிஸ்ல லெனொக்ஸ் லூயிஸ் எட்டாவது ரவுண்ட்ல சாச்சப்ப டைசனுக்கு 36 ஆக மூணு கிழமைதான் பாக்கி, அங்க விவாதமே இல்ல, கால் நகரல, மூணாவது ரவுண்டுக்கு அப்புறம் பதில் இல்ல. லூயிஸுக்கும் அப்ப 36தான்னாலும் அவரு ஒடம்ப காப்பாத்தி வச்சிருந்தாரு. அந்த ராத்திரிய பத்தி மாமாவும் நானும் ஒரு தடவ கூட சண்ட போட்டதில்ல.

டக்ளஸோட உச்சத்த பத்தியும் ஒரு வார்த்த. டைசன ஜெயிச்ச அதே 1990 ஒக்டோபர் 25ல ஹொலிஃபீல்டுக்கு எதிரா 246 இறாத்தல்ல வந்து நின்னு மூணாவது ரவுண்ட்ல விழுந்து, எந்திரிக்கவே இல்ல. எட்டரை மாசம்தான் பட்டம். இத வச்சு "பாத்தியா, டக்ளஸ் சாதாரண ஆள்தான், அப்ப டைசன் எவ்வளவு எறங்கியிருந்திருக்கணும்"னு மாமா சொல்லுவாரு. எனக்கு அது அப்படி தெரியல. ஒருத்தனோட உச்சம் பத்து வருஷமும் இருக்கலாம், ஒரே ஒரு ஞாயித்துக்கெழமையும் இருக்கலாம். டக்ளஸோட உச்சம் அந்த ஒரு நாள், அந்த நாள்ல அவரு ஆடினத அன்னைக்கு இருந்த எந்த ஹெவிவெயிட்டும் சுலபமா தாண்டியிருக்க முடியாதுன்னு நான் மனசார நம்புறேன்.

அதனால என் முடிவு இதுதான். டோக்கியோவுல டைசனோட ஒடம்பு உச்சத்துலதான் இருந்துச்சி, வித்த ஒரு வருஷத்துக்கு மேலயே எறங்கிக்கிட்டு இருந்துச்சி, கோர்னர் மோசம். 1988 ஜூன் மாசத்து டைசன் வந்திருந்தா சண்டை இன்னும் நெருக்கமா போயிருக்கும், டைசன் ஜெயிச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா "முடிஞ்சு போன ஆள அடிச்சான்"ங்கற பேச்சு டக்ளஸுக்கு செய்யற அநியாயம், தாய சாகக் குடுத்துட்டு வந்து ஒம்பதாவது ரவுண்ட் ஆடின மனுசனுக்கு அந்த பேச்ச என்னால சொல்ல முடியாது.

போன தீவாளிக்கு மாமா வீட்டுக்கு போனப்ப போன்ல அந்த சண்டைய போட்டு குடுத்தேன், சத்தம் இல்லாம. கண்ணாடிய போட்டுக்கிட்டு சுவத்துல சாஞ்சு ஒக்காந்து பாத்தாரு. எட்டாவது ரவுண்ட் வந்தப்ப வழக்கம் போல கைக்கடிகாரத்த பாத்து எண்ண ஆரம்பிச்சாரு, எட்டு வரைக்கும் எண்ணினாரு, அப்புறம் நிறுத்திட்டு, டக்ளஸ் தரையில குத்துற எடத்த திருப்பி போட சொன்னாரு. போட்டேன். இன்னொரு தடவ போட சொன்னாரு.

"இவன் நெனவோடதான் கெடந்திருக்கான்," அப்படின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா பதிமூணு செக்கன் பதிமூணு செக்கன்தான்."